டிராக்டருக்கு மாட்டுப் பொங்கல்

போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஒரு டிராக்டரில் இருக்கும் ஒயர்களை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

'வேறு வேலை இல்லையா?' என்று கேட்பீர்கள். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். பஞ்சாலையில் நூல் எங்கே, எத்தனை முறை அறுகிறது என்று எண்ணுவதையே உத்தியோகமாகச் செய்தவனுக்கு, ஓய்வு பெற்றுவிட்டால் மட்டும் விரல் சும்மா இருக்குமா?

ஆனால் இந்த முறை எண்ணியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பதினொன்றில் ஏதாவது ஒன்று பழுதாக இருந்தால் தெய்வானையின் டிராக்டர் தப்பிக்கும். எல்லாமே நன்றாக இருந்தால் — டிராக்டர் கைமாறிப் போய்விடும்.

ஒரு ஒயராவது அறுந்திருக்க வேண்டும் என்று சாமி கும்பிட்ட ஆளைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான்.

தெய்வானை என் சித்தப்பா மகள். காங்கயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் தோட்டம். புருஷன் தவறியபோது, 'இனி உழவு யார் பார்ப்பது?' என்று ஊரே கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. காரியம் முடிந்த கையோடு டிராக்டரில் ஏறி உட்கார்ந்து கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

"எப்ப அம்மணி கத்துக்கிட்டே?" என்று கேட்டேன்.

"அவரு ஓட்டறப்ப மட்கார்டுல உக்காந்து பாத்துட்டேதானுங்கண்ணா இருந்தேன்... வாயப் பொளந்துட்டா உக்காந்திருந்தேன்?"

டிராக்டர் பழையது. அவளுடைய மூத்த மகளைவிட மூத்தது. மகள்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். டிராக்டர்தான் போகாமல் வீட்டோடு இருக்கிறது.

அதையும் அனுப்பிவிட வேண்டும் என்பது நாச்சிமுத்துவின் கட்சி. நாச்சிமுத்து அவளுடைய கொழுந்தன். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை 'நங்கை' என்போம்.

"நங்கை, உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சீரழிவு? வண்டியக் குடுத்துப்போட்டு ஊட்ல நிம்மதியா இருங்க. பூமிய நான் பாத்துக்கறேன்" — இதை ஒவ்வொரு நோம்பிக்கும், அதாவது பண்டிகைக்கும், சொல்வான்.

கெட்டவன் அல்ல. உண்மையாகவே அக்கறையோடுதான் சொல்கிறான். ஆனால் இந்தப் 'பாத்துக்கறேன்' இருக்கிறதே... டிராக்டர் போனால் உழவு அவன் சொல்லும் நாளில். உழவு போனால் வெள்ளாமை அவன் சொல்லும் பயிர். கடைசியில் பூமியில் அவளுக்கு மிஞ்சுவது பட்டாவில் இருக்கும் பெயர் மட்டும்தான். தெய்வானைக்கு இது தெரியாதா? அதனால்தான் ஒவ்வொரு நோம்பிக்கும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

இந்தத் தையில் சும்மா இருக்க முடியவில்லை.

பொங்கல் முடிந்த கையோடு சின்ன வயலில் கரும்பு வெட்டினாள். டிரெய்லரில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு ஆலைக்குப் போனாள். சர்க்கரை ஆலை வாசலை நீங்கள் பார்த்ததில்லை என்றால் சொல்கிறேன் — கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் கண்ணுக்கெட்டின தூரம் வரிசையாக நிற்கும். ஒரு வண்டி எடைமேடைக்குப் போனால் பின்னால் எல்லா வண்டியும் ஒரு வண்டி தூரம் நகர வேண்டும். நகர்ந்ததும் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். காய்ந்த தோகையில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும்? அத்தோடு, சும்மா நிற்கும்போது டீசல் எரிய விடுவதற்கு எங்கள் ஊர்க்காரர்களுக்கு மனசு வருமா?

ஆக, ஒவ்வொரு முறையும் நிறுத்து, ஸ்டார்ட் பண்ணு, நகரு, நிறுத்து. பேட்டரியின் உயிரை வாங்கும் வேலை.

பாதி வரிசையில் தெய்வானையின் பேட்டரி உயிரை விட்டுவிட்டது. சாவியைத் திருகினால் 'டிக்' என்றது. அவ்வளவுதான். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். நாலு பேர் இறங்கி வந்து, வரிசை முடியும்வரை தள்ளித் தள்ளிக் கிளப்பி விட்டார்கள். தள்ளியவர்கள் சும்மா தள்ளினார்களா?

"பொம்பள வண்டி வருது, தள்ளறதுக்கு ஆளு சேத்துங்கப்பா!"

இந்த ஒரு வரி, கரும்பு எடை போடுவதற்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்று மாலையே நாச்சிமுத்துவும் வந்து சேர்ந்தான். "நங்கை, பெரிய வயலு வெட்டறப்ப மறுக்கா இதே மாதிரி நடந்தா நம்ம குடும்பத்துக்கு எப்படிங்க இருக்கும்?"

ரோஷம் வந்துவிட்டது தெய்வானைக்கு. "பெரிய வயலுக்கு ஆலையில இருந்து வெட்டு உத்தரவு வாரதுக்குள்ள வண்டி சரியாகலீன்னா, நீங்க கூட்டியாற ஆளுக்கே குடுத்தர்றேன். போதுமா?"

சொன்ன சொல். எங்கள் பக்கத்தில் அதைத் திரும்ப வாங்கும் கடை இல்லை.

அடுத்த நாளிலிருந்து ஆரம்பித்தது வைத்தியம். ஒரு வீட்டில் டிராக்டர் படுத்துவிட்டால் ஊரில் எத்தனை மெக்கானிக் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். பேட்டரி கிழடு என்றார் ஒருவர். பெல்ட் தொய்வு என்றார் இன்னொருவர். டைனமோவில் கார்பன் தேய்ந்திருக்கும், செல்ஃப் மோட்டார் கரண்டைக் குடிக்கிறது, டீசலில் தண்ணீர்... (டீசலுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது.) ஏழாவதாக வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எல்லாம் கண்ணு திருஷ்டிங்க. இப்படி ரத்தச் செவப்பா அடிச்சு நிறுத்தினா எவன் கண்ணுதான் படாது?"

அது உண்மை. திருஷ்டி அல்ல, சிவப்பு. தெய்வானை வீட்டில் ஒரு வழக்கம். முன்பு ஒரு ஜோடி எருது இருந்தது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவி, வர்ணம் அடித்து, மாலை போட்டுப் பொங்கல் ஊட்டுவார்கள். எருதுகளை விற்ற பிறகும் தை மாதம் வராமல் இருக்கிறதா? கொம்புக்கு எங்கே போவது? அதனால் டிராக்டருக்கு. கழுவி, பெயிண்ட் அடித்து, முன்பக்கக் கம்பிக்குக் கொம்பு மாதிரி பச்சை வர்ணம் தீட்டி, பானட்மேல் வாழை இலை போட்டுப் பொங்கல் வைப்பாள். புருஷன் ஆரம்பித்து வைத்தது. அவள் விடவில்லை.

ஏழு பேர் சொன்னதில் பேட்டரி, பெல்ட், கார்பன் மூன்றையும் செய்து பார்த்தாள். பலன் இல்லை. டேஷ்போர்டில் இருக்கும் ஆம்பியர் மீட்டரின் முள், இன்ஜின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் நடுவிலேயே படுத்துக் கிடந்தது. வலது பக்கம் சாய்ந்தால்தான் பேட்டரிக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் காலையில் பீளமேட்டில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி.

"அண்ணா, இதுதானுங்க கட்-அவுட்டு. நானே கழட்டியாந்துட்டேன். உங்களுக்குத் தெரிஞ்ச பாய் ஒருத்தரு சிங்காநல்லூர்ல இருக்காரல்லங்க?"

கட்-அவுட் என்றதும் சினிமாக் கொட்டகை வாசலை நினைத்துவிடாதீர்கள். இது வேறு. இன்ஜின் ஓடினால் பெல்ட் சுற்றும். பெல்ட் சுற்றினால் டைனமோ கரண்ட் உண்டாக்கும். அந்தக் கரண்டைப் பேட்டரிக்குள் எப்போது விடுவது, எவ்வளவு விடுவது, எப்போது கதவைச் சாத்துவது என்று தீர்மானிக்கும் பெட்டி. எங்கள் மில் கேட் வாட்ச்மேன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஒன்று — இது வேலை நேரத்தில் தூங்கக் கூடாது.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டின சந்தில் அப்பாஸ் பாய்க்கு ஆட்டோ எலக்ட்ரிகல் கடை. பேச்சுக்காரர். ஒரு பல்பும் இரண்டு ஒயரும் சேர்ந்த டெஸ்ட் லாம்பை, டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரி எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவர் வாயில் எந்தப் பொருளும் 'கெட்டுப்போனது' கிடையாது. 'தூங்குது' என்பார். எழுப்புவதுதான் தன் தொழில் என்பார்.

பெட்டியை வாங்கி, மேஜையில் இருந்த இரும்பு வைஸில் இறுக்கினார். கடையில் மோட்டாரோடு இணைத்து வைத்திருக்கும் டைனமோவிலிருந்து ஒயர் கொடுத்தார். சுவிட்சைப் போட்டார். பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். பல்ப் பளிச்சென்று எரிந்தது.

"கேட்டீங்களா சார், எப்படிப் பேசுது! அம்மணி, உங்க கட்-அவுட்டு பத்தரை மாத்துத் தங்கம். உங்க டைனமோதான் தூங்குது."

"டைனமோவுக்குக் கார்பன் மாத்தியாச்சுங்களே பாய்?"

"கார்பன் மாத்தினா? பல்லு கட்டின கெழவன் கரும்பு கடிச்சிருவானா?"

சிரித்துக்கொண்டே, டைனமோவைத் தனியாகச் சோதிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்து, ஒரு டெஸ்ட் லாம்பையும் கையில் கொடுத்து அனுப்பினார். தெய்வானையும் நானும் காங்கயம் பஸ் ஏறினோம். 'நீங்கள் எதற்கு?' என்று கேட்காதீர்கள். வீட்டில் உட்கார்ந்து கவலைப்படுவதைவிட, இடத்துக்கே போய்க் கவலைப்பட்டால் கொஞ்சம் உபயோகமாக இருக்கும் என்பது என் கட்சி.

தோட்டத்துக்குப் போனதும் பாய் சொன்ன மாதிரியே டைனமோவின் இரண்டு முனைகளை ஒயரால் சேர்த்து, லாம்பின் ஒரு முனையை அங்கேயும் மறுமுனையை இன்ஜின் பாடியிலும் வைத்தாள். நான் சாவியைத் திருகும் பொறுப்பில் இருந்தேன். (எப்படித் திருகினேன் என்று கேளுங்கள் — கண்ணை மூடிக்கொண்டு.) பல்ப் எரிந்த எரிச்சலில் கண் கூசியது. டைனமோ தூங்கவில்லை. விழித்துக்கொண்டுதான் இருந்தது.

கட்-அவுட் தங்கம். டைனமோ முழிப்பு. பேட்டரி புதுசு. பெல்ட் இறுக்கம். பிறகு ஒயரைத் தவிர வேறென்ன? மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, தெய்வானை கட்-அவுட்டைத் திரும்ப மாட்டியதும், அப்போதுதான் எண்ணினேன், பதினொன்று. ஒவ்வொன்றாகக் கழற்றி, லாம்பை வைத்துப் பார்த்து, மாட்டினாள். பதினொன்றும் நன்றாக இருந்தன.

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் நல்லவர்கள். ஒரே வீட்டில் சேர்த்து வைத்தால் கரண்ட் வரவில்லை. இந்த மாதிரிக் குடும்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

"அண்ணா, நாளண்ணைக்கு உத்தரவு வந்துருமுங்க" என்றாள். குரலில் முதல் தடவையாக ஒரு தளர்ச்சி. "கொழுந்தனாரு இன்னைக்கே ஆளக் கூட்டியாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

முந்தின நாள் டைனமோவில் பல்ப் எரிந்ததுமே கடைக்கு போன் செய்து நிலைமையைச் சொல்லி வைத்திருந்தேன். வெயில் ஏறும் நேரத்துக்கு அப்பாஸ் பாய் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். கையில் ஒரு புது கட்-அவுட். கூடவே வாசலில் ஒரு ஜீப். நாச்சிமுத்துவும், பெருந்துறையில் பழைய டிராக்டர் வாங்கி விற்கும் ஒருவரும் இறங்கினார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பேச்சுக் குறைவு. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். அந்த மாதிரிச் சும்மா உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

தெய்வானை டைனமோ சோதனையை பாய்க்குச் செய்து காட்டினாள். பல்ப் எரிந்தது. பாய் பல்பைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"டைனமோ தூங்குதுன்னு நான் சொன்னது தப்பு! சுத்தத் தப்பு. கடையில உக்காந்துட்டு வண்டியப் பாக்காமச் சொல்லிப்போட்டேன்."

தொழில் செய்கிற ஒருவர், வாடிக்கையாளர் எதிரில், இன்னொரு வியாபாரி எதிரில், இவ்வளவு சத்தமாக இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு முகம்கூட வாடவில்லை மனிதருக்கு. ஒரு பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருந்த பழைய கட்-அவுட்டைக் கழற்றினார். அது உட்கார்ந்திருந்த தகட்டைப் பார்த்து, "மாஷா அல்லா, என்ன சுத்தம்! ஆஸ்பத்திரி மாதிரியல்ல வெச்சிருக்கீங்க அம்மணி?" என்று மெச்சிக்கொண்டார். அதே இடத்தில் புதுசை மாட்டினார்.

இன்ஜின் ஓடியது. முள் அசையவில்லை.

நாச்சிமுத்து என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. வயசான வண்டி. எத்தனைன்னு பாக்கறது?"

 எண்ணுவதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

பாய் இன்ஜினை நிறுத்தச் சொன்னார். டீ கேட்டார். டம்ளரை வாங்கிக்கொண்டு தென்னை மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். "இனிமே கையில தொடறதில்ல சார். தொடாம யோசிக்கணும். தொட்டா இன்னொண்ணக் கெடுப்போம்."

தெய்வானை டிராக்டர் பக்கத்தில் நின்றபடியே கேட்டாள்:

"ஏனுங்க பாய்... உங்க கடையில இந்தப் பழைய பொட்டி பேசுச்சல்லங்க? அங்க எதும் மேல வெச்சிருந்தீங்க?"

"வைஸ்ல இறுக்கியிருந்தேன்."

"வைஸு இரும்புங்களா?"

"பின்ன மரத்துலயா வைஸு இருக்கும்?"

"அதுக்கில்லீங்க. பொட்டிக்குள்ள போற கரண்டு திரும்பி எப்படி வெளிய போகும்? அதுக்குன்னு தனியா ஒயரக் காணமுங்களே?"

"அது உக்காந்திருக்கற தகடுதான் எர்த்து. தகடு வழியா பாடிக்கு..." என்று ஆரம்பித்த பாய் நிறுத்தினார். டீ டம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாக எழுந்து வந்தார்.

இருவரும் அந்தத் தகட்டையே பார்த்தார்கள். பளபளவென்று, மழையில் நனைந்த மாதிரி, சிவப்பு.

பாய் ஒரு ஸ்பானரை எடுத்தார். "சார், ஸ்டார்ட் பண்ணுங்க." பண்ணினேன். ஸ்பானரின் ஒரு நுனியைக் கட்-அவுட்டின் அடியில் வைத்தார். மறு நுனியை இன்ஜினில் பெயிண்ட் படாத ஒரு போல்ட்டில் வைத்தார்.

'டக்'.

முள் துள்ளி வலது பக்கம் சாய்ந்தது. ஸ்பானரை எடுத்தார் — படுத்தது. வைத்தார் — துள்ளியது. மூன்று முறை. எனக்கு நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதினால் சிரிப்பீர்கள். எழுதியாகிவிட்டது, சிரியுங்கள்.

"என்னங்க பாய், என்ன ஆச்சு?" என்று கட்டிலிலிருந்து எழுந்து வந்தான் நாச்சிமுத்து. பெருந்துறைக்காரரும் பின்னால் வந்தார்.

பாய் ஒரு கணம் தெய்வானையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணுமில்லீங்க. பழைய வண்டியல்லங்க? தகட்டுல கொஞ்சம் துரு. உப்புத்தாள் போட்டுத் தேச்சாச் சரியாப் போயிரும்" என்றார்.

துரு! அந்த ஆஸ்பத்திரியிலா?

எவ்வளவு மரியாதையான பொய் பாருங்கள். கொஞ்ச நேரத்துக்கு முன் தன் தப்பை ஊர் கேட்கச் சொன்ன மனிதர், அவள் தப்பைத் துருவின்மேல் போட்டு மூடுகிறார். நாச்சிமுத்துவுக்கு விஷயம் தெரிந்தால் என்ன சொல்வான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெய்வானை சும்மா இருந்தால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் மனசுக்குள் 'சும்மா இரு அம்மணி, சும்மா இரு' என்று ஜபித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இருந்தால்தானே?

"துரு இல்லீங்க பாய். பெயிண்டு. நாந்தான் அடிச்சேன்."

எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"நோம்பிக்கு வாங்கின டப்பாவுல இந்தத் தடவ மிச்சமாகிப்போச்சுங்க. வீணாப் போகுதேன்னு பொட்டியக் கழட்டி அடியில இருந்த தகட்டுலயும் ஒரு கை அடிச்சுப்போட்டேன். துரு ஏறாம இருக்கட்டுமேன்னு போல்ட்டையும் பெயிண்டுல முக்கித்தான் போட்டேன். நோம்பிக்கு அப்புறந்தான் வண்டி படுத்துச்சு. எனக்கு இப்பத்தான் புரியுது."

மிச்சமான பெயிண்டை வீணாக்கக் கூடாது! இந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்த ஜனமாவது செய்யுமா? வேறு ஊராக இருந்தால் டப்பாவை மூடி மூலையில் வைத்திருப்பார்கள். சோம்பேறி ஒருத்தி அடித்திருந்தால் மேலாகப் பூசிவிட்டுப் போயிருப்பாள், வண்டி ஓடியிருக்கும். சிக்கனமும் சுத்தமும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் வந்த வினை.

இன்னொன்றும் உறைத்தது. ஏழு பேர் சொன்ன காரணங்களில் உண்மைக்கு மிக அருகில் வந்தவர் யார்? 'ரத்தச் சிவப்பு' என்று திருஷ்டி சொன்னவர்தான்!

நாச்சிமுத்து எதிர்பார்த்தபடியே ஆரம்பித்தான். "பாத்தீங்களா மாமா? இதத்தானுங்க நான் சொல்றது. பொம்பளைக்கு எதுக்கு வண்டின்னா கேக்கறாங்களா? பெயிண்டு அடிச்சே வண்டியப் படுக்க வெச்ச கத எங்கியாச்சும் உண்டுங்களா?"

 தெய்வானையின் முகம் டிராக்டர் நிறத்துக்கு வந்துவிட்டது.

அதுவரை வாய் திறக்காத பெருந்துறைக்காரர் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இந்தப் பொட்டிய நீங்களேதான் கழட்டினீங்களா?"

"ஆமாங்க."

"வேற எதெது கழட்டினீங்க?"

"லைட்டு ரெண்டு, டூல் பாக்ஸு, மட்கார்டு ரெண்டு, ரேடியேட்டர் கிரில்லு..."

"திரும்ப மாட்டினது?"

"நாந்தானுங்க. பின்ன, ஒறம்பரை சொந்தக்காரங்க வந்தா மாட்டிக் குடுப்பாங்க?"

பெருந்துறைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாச்சிமுத்துவிடம் சொன்னார்:

"கெளம்பலாமுங்க. எனக்கு இந்த யாவாரம் ஒத்து வராது. வண்டியில என்ன கெட்டுச்சுன்னு தெரியாம விக்கறவங்ககிட்ட வாங்கித்தான் நான் பொழைக்கறேன். எங்க என்ன இருக்குது, யாரு கெடுத்தான்னு வரைக்கும் சொல்றவங்ககிட்ட வாங்கினா, நான் எங்கீங்க போறது?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். நாச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டுமே என்பதுபோல் பாய் கையிலிருந்த உப்புத்தாளை வாங்கினான்.

"குடுங்க நங்கை, நான் தேச்சுக் குடுக்கறேன்."

"வேண்டாங்க கொழுந்தனாரே. தகடு தேச்ச கூலிக்குப் பூமியக் கேப்பீங்க."

சொல்லிவிட்டாளே!  நல்லவேளை, அவன் உரக்கச் சிரித்தான். சிரித்துக்கொண்டே தேய்த்தான். சிவப்புப் போய் இரும்பு வெளுத்துத் தெரியும்வரை தேய்த்தான். பாய் பழைய கட்-அவுட்டையே திரும்ப மாட்டி, புதுசைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "தங்கம் இருக்கறப்ப தகரம் எதுக்கு?"

இத்தனை வருஷம் பஞ்சாலையில் நூல் அறுவதை எண்ணியவன் நான். ஏன் அறுந்தது என்று கேட்டால் பஞ்சு சரியில்லை என்பார்கள். காற்றில் ஈரம் போதாது என்பார்கள். மெஷின் பழசு, வோல்டேஜ் குறைவு, பக்கத்து ஆள் லீவு. எல்லாக் காரணங்களும் உண்மையாகவே இருக்கும். ஆனால் 'என் கைதான்' என்ற காரணத்தை மட்டும் கேட்டதே இல்லை. எங்கள் மேனேஜரிடமும் கேட்டதில்லை. மெஷின் ஓட்டியவர்களிடமும் கேட்டதில்லை. அந்த வெள்ளிக்கிழமை, ஒரே டிராக்டர் பக்கத்தில், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை கேட்டேன். ஒருவருக்குக் கடைப் பெயர் போயிருக்கும். இன்னொருத்திக்குப் பூமியே போயிருக்கும். இருவருமே அதற்காக வாயை மூடிக்கொள்ளவில்லை.

யோசித்துப் பார்த்தால், கரண்ட் வராததற்கும் பல வீடுகளில் பேச்சு வராததற்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் பளபளவென்று ஒரு பூச்சு. கொஞ்சம் சுரண்டினால் போதும். யார் சுரண்டுவது என்பதில்தான் தகராறு.

வெட்டு உத்தரவு வந்தது. பெரிய வயல் கரும்பை ஏற்றிக்கொண்டு தெய்வானை ஆலைக்குப் போனாள். நானும் மட்கார்டில் உட்கார்ந்து போனேன். இந்த வயதில் தேவையா என்றால்... வீட்டில் இருந்திருந்தால் தூங்கியிருப்பேனா?

வரிசையில் நின்றதுமே போன தடவை தள்ளிய ஆட்களில் ஒருவர் பார்த்துவிட்டார். "என்னுங்கக்கா, ஆளு சேத்தட்டுங்களா?"

"சேத்தி வைங்க. உங்க வண்டி நின்னா வேணுமல்லங்க?" என்றாள்.

வண்டி நகர்ந்தது. நின்றது. சாவியைத் திருகினாள். கிளம்பியது. மறுபடி நகர்ந்தது. நின்றது. கிளம்பியது. ஆம்பியர் மீட்டர் முள் ஒவ்வொரு முறையும் வலது பக்கம் தலையைச் சாய்த்து, 'ஆமாம், ஆமாம்' என்றது. எடைமேடை வரைக்கும் எத்தனை முறை நின்று கிளம்பியது என்று எண்ணினேன். ஒன்றுகூட விடவில்லை.

எத்தனை என்று சொல்ல மாட்டேன். திருஷ்டி படும்.

திரும்பும் வழியில் தெய்வானை கேட்டாள்: "ஏனுங்கண்ணா, அந்த டப்பாவுல அடியில இன்னும் கொஞ்சம் செவப்பு மிச்சம் இருக்குது. உங்க ஊட்டுக் கேட்டு நெறம் மங்கிப் போச்சல்லங்க? ஒரு நாளைக்கு வந்து அடிச்சுக் குடுக்கட்டுங்களா... கீல், கொண்டி எல்லாம் கழட்டி, சுத்தமா?"

வேண்டாம் அம்மணி, கேட் இப்போதைக்கு நன்றாகத் திறக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.